வலிக்குதுங்களா என்று கேட்டவர்

விஷு வருஷத்துப் பஞ்சாங்கத்தில் ஆவணி மாதப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. "அக்காவுக்கு இடது கீழ்ப்பல் கூர் அராவியது. கன்னத்துக்குள் புண் உண்டு. வலி இல்லை. அமாவாசைக்குள் ஆறாவிட்டால் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்." இங்கிலீஷ் கணக்கில் அது 1941. நான் அக்காவோடு போகவில்லை. ஆபீஸ் விட்டு வந்த பிறகு, அவள் சொல்லக் கேட்டு எழுதியது.

குறிப்பில் வருகிறவர் திருச்செங்கோட்டுக் கடைவீதியில் பல் வைத்தியம் பார்த்து வந்தவர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் 'டாக்டருங்க', அந்தப் பக்கம் போனதும் 'பல்லுக்காரர்'. பட்டம் எதுவும் கிடையாது. ரங்கூனில் ஒரு சீனரிடம் பல் எடுக்கவும் பல் கட்டவும் பழகிக்கொண்டு, யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பே ஊர் திரும்பியவர். எந்த வருஷம் என்பதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். யுவ வருஷம், அதாவது 1935, என்பதே சரி என்று நினைக்கிறேன். அந்த வருஷத்து வைகாசித் தேரின்போது அவருடைய பலகையில் எழுதியிருந்த பல்வரிசைப் படத்தைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

என் அக்கா அவருடைய ஒரு வார்த்தையால் செத்தாள் என்று அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர், தன் கடைசி நாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரியா என்று பார்க்கத்தான் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பல்லுக்காரரின் கடை, துணிக்கடைக்கும் லாடம் கட்டுகிற கொட்டகைக்கும் நடுவில் ஒரே அறை. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த நாற்காலி ஒன்று, தலை சாய்க்கத் தோல் மெத்தை வைத்தது. காலால் மிதித்துப் பல்லைக் குடைகிற இயந்திரம். எனாமல் பேசின். வந்து உட்கார்ந்தவரிடம் அவர் ஊர் கேட்க மாட்டார், பேர் கேட்க மாட்டார், எந்தப் பல் என்றுகூடக் கேட்க மாட்டார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் மூச்சுப்பட்டு ஆவி படியாமலிருக்க அதை விளக்கில் காட்டிச் சூடேற்றுவார். ஏற்றிக்கொண்டே, முதுகைத் திருப்பியபடி கேட்பார்:

"வலிக்குதுங்களா?"

வலிக்கிறது என்றால் திரும்பிப் பார்க்கும்போது முகம் மலர்ந்திருக்கும். "அப்பாடி! அப்பப் பல்லுக்கு உசுரு இருக்குதுங்க. பொழச்சீங்க."

ஓமலூர் பக்கத்திலிருந்து சம்பந்தி வீட்டுக்கு வந்த ஒரு பண்ணையக்காரர், கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவர், இதைக் கேட்டுக் கொதித்துப்போனதை நான் நேரில் பார்த்தேன்.

"நான் கண்ணு மூடி மூணு ராத்திரியாச்சு. இந்த மனுசன் பல்லைக் காட்டிச் சிரிக்கறாரு பாருங்க!"

"நீங்க பல்லைக் காட்ட வந்தீங்க, பதிலுக்கு நானும் காட்டறனுங்க. வாயைத் தொறங்க சாமி."

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. மேலே வலிக்கிற ஒரு அம்மாள், அதற்கு நேர் கீழே இருக்கிற பல்லை எடுத்துவிட்டால் மேலே உள்ளது தானாக அடங்கிவிடும் என்று அடம் பிடித்தாள். "ஏனுங்க அம்மிணி, மேல் ஊட்டுல திருடன் பூந்தா கீழ் ஊட்டுக்காரனைக் கட்டிப்போடச் சொல்றீங்களே" என்றார். கடையே சிரித்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று பல்லை எடுக்காமலே போய்விட்டாள்.

இப்படிப்பட்டவர் முகம் சுருங்கும் ஒரே பதில், 'இல்லீங்க' என்பது. வலி இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் பேச்சு நின்றுவிடும். கண்ணாடிக் கோலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். தாடைக்கு அடியில் விரலால் தடவுவார். பார்த்தவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து லாடக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொல்வார்: "வலியில்லீன்னா வரும்படியில்லை. அதானப்பா மூஞ்சி தொங்குது."

சங்ககிரி மாட்டுத் தரகர் சங்கதிக்குப் பிறகு லாடக்காரர் அப்படிச் சொல்லவில்லை. தரகருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒரு வாரம் வலித்து, முந்தின ராத்திரி திடீரென்று நின்றுவிட்டது. சந்தைக்கு வந்த வழியில், இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போகக் கடையில் தலையை நீட்டினார்.

"நின்னு போச்சுங்களா? உக்காருங்க, இப்பவே எடுத்துரலாம்" என்றார் பல்லுக்காரர்.

"வலிக்கறப்பவே எடுக்கலீங்க. வலிக்காத பல்லை எதுக்குங்க எடுக்கோணும்?"

"உள்ளாற நரம்பு செத்துப் போச்சுங்க, அதான் வலி நின்னுருக்குது. செத்தது அழுகுமில்லீங்களா? தம் பிடிச்சு உக்காருங்க, ஒரு நிமிசம்."

தரகர் சிரித்துவிட்டு இறங்கினார். பல்லுக்காரர் கையில் குறடோடு மாட்டுச் சந்தை வரைக்கும் பின்னாலேயே போனார். சந்தையில் அன்று எல்லோருக்கும் நல்ல வேடிக்கை. அடுத்த சந்தைக்குள் தரகரை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். தாடையிலிருந்து நெஞ்சு வரை கழுத்து ஒரே வீக்கம். நாக்கு மேலே தூக்கி எச்சில்கூட இறங்கவில்லை. பல்லுக்காரர் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித் தானும் வண்டியில் ஏறிக்கொண்டார். வழியிலேயே தரகரின் மூச்சு நின்றது.

அதற்குப் பிறகு ஊர் அவர் பேச்சை நம்பத் தொடங்கியது. நம்பியதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. வலி நின்றால் ஆபத்து என்று அவர் சொன்னது மறந்துபோய், வலி இருந்தால் பிழைத்தோம் என்பது மட்டும் நின்றது. குழாயடியில், தறிக் குழியில், பஸ்ஸில், எங்கேயும் இதே பேச்சு. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தவனுக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவனுக்கு, மார்பில் கட்டி வந்தவளுக்கு, எல்லோருக்கும் ஒரே ஆறுதல்: "வலிக்குதல்ல? பல்லுக்காரர் சொன்னாப்ல, பொழச்சே போ." ஒருமுறை நான் அவர் கடையில் இருக்கும்போது வீதியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் இப்படிச் சொல்லிக்கொண்டு போனாள். அவர் காதில் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் பேச்சு வீதியில் நடமாடுவது அவருக்குப் பிடித்திருந்தது. அது விஷுவுக்கு முந்தின விக்கிரம வருஷம், மாசி அல்லது பங்குனி.

இனி அக்கா. எனக்கு அம்மா இல்லாததால் என்னை வளர்த்ததும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் நகல் எழுதுகிற வேலைக்கு அனுப்பியதும் அவள்தான். மாமா தறியில் உட்காருவார், அவள் ராட்டையில் ஊடை நூலைத் தார் சுற்றுவாள். பொழுதுக்கும் இடது கன்னத்துக்குள் ஒரு சிட்டிகை புகையிலை ஒதுக்கியிருக்கும். பசியை அடக்கும் என்பாள். கன்னத்தில் அதே இடத்தில் கீழ்ப் பல் ஒன்று உடைந்து கூராக நின்றது. புண் பல் குத்தியதால் வந்ததென்று நினைத்துத்தான் ஆவணியில் பல்லுக்காரரிடம் போனாள். மாமா வண்டியோடு வெளியே நின்றார். உள்ளே நடந்ததை அவளே வந்து நடித்துக் காட்டினாள்.

"வலிக்குதுங்களான்னாரு. இல்லீங்க, சொரசொரன்னு இருக்குதுன்னேன். அவ்வளவுதான் கண்ணு, எளவு ஊட்டுக்கு வந்தவராட்டம் ஆயிட்டாரு. அரத்தை எடுத்துப் பல்லை அராவுனாரு. புகையிலையை உட்ருங்க அம்மிணின்னாரு. அமாவாசைக்குள்ள ஆறலீன்னா வந்து காட்டோணுமாம்."

"உட்ருவியாக்கா?"

"சோறு திங்கறதை உடுன்னா உட்ருவேன்."

அமாவாசை வந்தது, போனது. புண் ஆறவில்லை, பெரிதாகவும் இல்லை என்றாள். அடுத்துப் புரட்டாசி, ஐப்பசி. தீபாவளிச் சேலைகள் தறியில் இருந்தன. நெசவுக்கார வீட்டில் அந்த மாதங்களில் வலிக்காத புண்ணுக்காக யாரும் எழுந்து போவதில்லை. கார்த்திகை பிறந்து சில நாளில், காலையில் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தவள் சத்தம் போட்டாள்.

"வலி வந்துருச்சுங்க!"

மாமா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "எங்க? அதே எடத்துலயா?"

"அதே எடத்துலதான். காது வரைக்கும் சுரீர்னு இழுக்குது."

"அப்ப உசுரு வந்துருச்சுன்னு அர்த்தம். இனி ஆறிப்போகும்."

நாங்கள் சந்தோஷப்பட்டோம். வேறு சொல் இல்லை. மாமா அன்றே திருச்செங்கோட்டு மலைப்படி ஏறித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வலியை விசாரித்தார்கள். அக்கா கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். வலி கூடக்கூட எங்களுக்குத் தைரியம் கூடியது. மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்து, ஊரே அங்கிருந்த தன் மனிதர்களை நினைத்துப் புலம்பிய நாட்களில் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருப்பது போல இருந்தது.

வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்று உருண்டை உள்ளே போகவில்லை என்றதும் நானும் கூடப் போனேன். பல்லுக்காரர் வழக்கம்போல விளக்குக்கு முன் முதுகைக் காட்டி நின்றார்.

"வலிக்குதுங்களா?"

அக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். பரீட்சையில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம். "ஆமாங்க. நல்லா வலிக்குதுங்க. காத்திகையில இருந்து வலிக்குதுங்க."

அவர் திரும்பினார். சிரிப்பு பாதி வந்திருந்தது. பிறகுதான் வந்திருப்பது யார் என்று பார்த்தார். கண்ணாடிக் கோலை உள்ளே விட இடமில்லை. விரலை வைத்துக் கன்னத்தை அழுத்தினார். தாடைக்கு அடியில் தடவி ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே கூழாங்கல் போல ஒன்று இருந்ததை அவர் என் விரலைப் பிடித்து வைத்தபோது நானும் உணர்ந்தேன்.

"அம்மிணி, வலி வந்தன்னைக்கே ஏனுங்க வரலை?"

"வலி வந்தா நல்லதுன்னு நீங்கதானுங்களே சொல்லுவீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். என்னை லாடக் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"புகையிலை ஒதுக்கற எடத்துல வர்ற புண்ணு மொதல்ல வலிக்கவே வலிக்காதுங்க தம்பி. வலிக்குதுன்னா அது உள்ளாற போயிருச்சுன்னு அர்த்தம். இது பல்லு இல்லீங்க. பல்லுக்குச் சொன்னதை இதுக்கு..." லாடம் அடிக்கக் கட்டிப்போட்டிருந்த காளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அப்போது கைக்குக் கிடைத்த வைத்தியப் புத்தகங்களையெல்லாம் படிக்கிறவன். அன்றைக்குப் பிறகு தேடிப் படித்ததில் அவர் சொன்னதே இருந்தது. கன்னத்துப் புற்று முதலில் சும்மா இருக்கும்.

சேலத்து ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப் போனார். அங்கே கத்தி வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது, பட்டணத்தில் ரேடியம் வைத்துப் பார்க்கலாம், அதுவும் உறுதியில்லை என்றார்கள். பட்டணத்துக்கு எழுதி, பணம் சேர்த்து, சித்திரையில் கிளம்புவதாக இருந்தோம். அந்தச் சித்திரையில்தான் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானது. சேலம் ஜங்ஷனில் பட்டணத்து ஜனங்கள் பெட்டி படுக்கையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்த் திசையில் ஏற நின்றது நாங்கள் நாலு பேர்தான். இறங்கிய ஒரு கம்பவுண்டர், நோயாளிகளை வெளியூர்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள், போனால் வராந்தாவில்தான் படுக்க வேண்டும் என்றார். பல்லுக்காரர் போயே தீர வேண்டும் என்றார். மாமா தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாம்" என்றார். அக்கா அதற்குள் திரும்பி நடந்திருந்தாள்.

அதன் பிறகு பல்லுக்காரர் கடையில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "எந்தப் பல்லுங்க?" என்று மட்டும் கேட்டார். வீதியில் யாராவது 'வலி இருந்தாப் பொழச்சே' என்று சொல்வது காதில் விழுந்தால் குறடோடு இறங்கி ஓடுவார். "அது பல்லுக்கு மட்டுந்தானுங்க! புண்ணுக்கு இல்லீங்க! புண்ணு வலிச்சாலும் வாங்க, வலிக்காட்டியும் வாங்க!" சந்தை நாளில் வண்டிகளை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நின்று கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நீளமான பேச்சை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. சின்னதாக இருந்த பழைய பேச்சுதான் பஸ் ஏறி நாமக்கல் வரை போயிருந்தது. ஆபீஸுக்குப் பத்திரம் எழுத வந்த நாமகிரிப்பேட்டைக்காரர் ஒருவர் அதை என்னிடமே சொன்னார். பல்லுக்காரருக்கு மண்டை குழம்பிவிட்டது என்றார் லாடக்காரர், இந்த முறை மெதுவாக.

வைகாசியில் கன்னம் வெளியே உடைந்தது. வாடை தாங்க முடியாமல் அக்கம்பக்கத்தார் வருவது நின்றது. பல்லுக்காரர் தினமும் கடை திறக்கும் முன் வந்தார். மூக்கில் துணி கட்டிக்கொள்ளவில்லை. உப்புத் தண்ணீரும் ஊதா மருந்துத் தண்ணீரும் வைத்து, பீச்சாங்குழலால் பல்லிடுக்கு வழியாக வாயைக் கழுவிவிட்டார். அவள் வாய் விரற்கடைகூடத் திறக்காது. பேச்சு குழறும், பழகியவர்களுக்குத்தான் புரியும்.

ஒருநாள் அவரிடம் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது.

"வேண்டாமுங்க அம்மிணி."

அவள் மறுபடி கேட்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். அந்த முகத்தில் அப்போது எது சிரிப்பு என்று சொல்வது கஷ்டம்.

"என்ன கேக்கறா?" என்றார் மாமா.

"புகையிலை வேணுமாங்க. இனி உட்டு என்ன ஆகப் போகுதுன்னு கேக்கறாங்க."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பல்லுக்காரர் எழுந்து போய்க் கடைவீதியில் வாங்கி வந்து, காம்பு நீக்கி, துளி எடுத்து, நன்றாக இருந்த வலது கன்னத்துக்குள் சுண்டுவிரலால் தானே வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு வேறு எந்த மருந்தும் அவ்வளவு ஒத்துக்கொண்டு நான் பார்க்கவில்லை.

மாமா அவர் வருவதைத் தடுக்கவில்லை. ஆனால் அவரோடு பேசவுமில்லை. ஆனி மாதத்தில் ஒருநாள் கழுவி முடித்து அவர் வெளியே வந்தபோது மறித்துக்கொண்டார்.

"வலி வந்தா நல்லதுன்னு ஊரெல்லாம் பரப்புனீங்களே. என் பொண்டாட்டிக்கு வலி வந்ததுக்குத் தேங்கா ஒடைச்சனுங்க நானு."

"அன்னைக்கே அவங்ககிட்டச் சொன்னனுங்க" என்றார் பல்லுக்காரர். "பல்லை அராவுனப்பவே சொன்னேன். ஆறலீன்னாலும் வாங்க, வலி வந்தாலும் உடனே வாங்கன்னு. ரெண்டையுந்தான் சொன்னேன்."

"அவ ஒன்னைத்தான் சொன்னா."

"ரெண்டையுஞ் சொன்னனுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் நினைவு தெளிவாக இருந்த நாள் அது. அவர்கள் பேசியது முழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கும். "அக்கா, வலி வந்தாலும் வரச் சொன்னாராமே, சொன்னாரா? ஆமான்னா தலையை ஆட்டு" என்றேன். பல்லுக்காரர் நிலைப்படியில் நின்றார், அவருக்குப் பின்னால் மாமா.

அவள் மாமாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினாள். பல்லுக்காரர் வந்து கொடுத்தார்.

ஆடிப் பெருக்குக்கு முன்பே அக்கா போய்விட்டாள். அந்த வருஷக் கடைசிக்குள் பல்லுக்காரரும் கடையைக் காலி செய்துவிட்டுப் போனார். நாற்காலி மட்டும் கொஞ்ச காலம் லாடக் கொட்டகையில் கிடந்தது. முந்தின ஆவணியில் அக்கா பல்லை அராவப் போன அன்று கடைப் பெஞ்சில் வேறு ஒருவர் காத்திருந்ததாக லாடக்காரர் சொன்னார். அவருக்கு அந்தப் பேச்சு கேட்டிருக்கும். ஊர் வேலகவுண்டம்பட்டிப் பக்கம் என்றார். இரண்டு முறை போய் விசாரித்தேன். அடையாளம் சொல்ல யாருமில்லை. வலி வந்தாலும் வரச் சொன்னேன் என்று பல்லுக்காரர் சொன்னது உண்மைதானா என்பது இதுவரை உறுதியாகவில்லை.